பழைய மோட்டார் வண்டியும் புதிய உறுப்புகளும்

பழுதுற்ற உறுப்பை நீக்கிப் புதியதொன்றை அவ்விடத்தில் பொருத்திவிட்டால் குறை தீர்ந்தது என்று எண்ணுவது மக்கள் இயல்பு. கடிகாரமாயினும், நீரிறைக்கும் யந்திரமாயினும், மோட்டார் வண்டியாயினும், 'புதிது போட்டாயிற்று' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனம் அமைதியடைகின்றது. புதியது என்பதும் நல்லது என்பதும் ஒன்றே என நாம் கொண்டுவிடுகிறோம். அவை இரண்டும் வேறு வேறு என்பதை யாம் கணியம்பாடியில் ஒரு பழைய வண்டியின் அடியிற் படுத்துக் கிடந்து கற்றோம். கற்றதை நம் கல்லூரி மாணவருக்கும், ஆசிரியருக்கும், பழைய மாணவருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலூரிலிருந்து தெற்கே திருவண்ணாமலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாகாயத்தையும் அடுக்கம்பாறையையும் கடந்தபின் வருவது கணியம்பாடி. ஜவ்வாது மலைச் சரிவிலுள்ள அமிர்திக் காட்டிற்குச் செல்லும் வழி இங்கேதான் பிரிகின்றது. எம்முள் இருவருக்குப் பள்ளியிற் கணக்குக் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் இவ்வூரில் வாழ்கின்றார். அவர் வீட்டுக் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்று இருபதாண்டுகளுக்கு மேலாக அசையாது நின்றது. தம் துணைவியாரை அவ்வண்டியில் இன்னுமொரு முறை அவர் பிறந்த ஊராகிய ஆரணிக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். அவ்விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாக யாம் ஐவரும் வாக்களித்தோம். எம்முள் ஒருவர் யந்திரக் கலை பயின்றவர். ஒருவர் வேலூரிற் பட்டறை வைத்திருப்பவர். ஏனைய மூவரும் ஆர்வம் ஒன்றையே மூலதனமாக உடையோம்.

இவ்வட்டாரத்திற்கு மோட்டார் வண்டி புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருக்குப் பிரான்சு தேசத்துப் பியூஜோ வண்டியொன்று கிடைத்து, சாலையோரங்களிற் கிராம மக்களுக்குச் சிகிச்சை செய்யச் செல்வதற்குப் பயன்பட்டது. ஆயினும் ஹெரால்டின் சிறப்பு வேறு. அது நம் மாநிலத்திலேயே உருவான வண்டி. சென்னை யூனியன் கம்பெனியாரும் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியாரும் கூடி 1948-ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரோடு சென்னையில் செய்யப்பட்டது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலாட்டி. இஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். முன்பக்கம் முழுவதும் ஒரு பெட்டியின் மூடி போல முன்னோக்கித் திறந்துகொள்ளும். இருபத்தைந்து அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் வண்டி திரும்பிவிடும். அந்நிறுவனம் 1988-ஆம் ஆண்டளவில் கார் செய்வதை நிறுத்திற்று. ஆகவே இன்று ஹெரால்டுக்கு உறுப்புகள் வேண்டுவோர், மூலக் கம்பெனியின் கையிலிருந்தன்றி வேறெவரோ வார்த்தும் கடைந்தும் விற்பவற்றையே வாங்கவேண்டியவராகின்றனர்.

எம்மை இடர்ப்படுத்தியவை வண்டியைத் தாங்கும் உறுப்புகள். அவற்றின் இயல்பைச் சிறிது விளக்குவோம். நம் முன்னோர் ஏறிச்சென்ற வில்வண்டியை மாணவர் சிலரேனும் கண்டிருத்தல் கூடும். சாதாரணக் கட்டை வண்டியில் அச்சு கல்லில் ஏறினால் அமர்ந்திருப்பவன் முதுகெலும்பும் உடன் ஏறும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகள் வில்லாக வளைந்து நின்று அவ்வதிர்ச்சியைத் தாமே ஏற்றுக்கொள்ளும். மோட்டார் வண்டியிலும் தத்துவம் அதுவே. ஆயின் மோட்டார் வண்டி விரைந்து செல்வதாலும், முன் சக்கரங்கள் திரும்பவேண்டியிருப்பதாலும், வில் ஒன்று மாத்திரம் போதாது. சக்கரம் மேலும் கீழும் எழுந்து தாழும்போது அது செல்லும் திசை மாறாதபடி பிடித்துக்கொள்ளும் கைகளும், அக்கைகள் அசையும் மூட்டுகளும், எழுந்த வில்லின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் வேண்டும்.

ஹெரால்டின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கவைக்கைகள் பிடித்திருக்கின்றன. பட்டறையில் இவற்றை 'ஆர்ம்' என்பர். இவ்விரு கைகளின் வெளி நுனிகளையும் இணைத்து நிற்பது ஒரு நிமிர்தண்டு. தண்டின் மேல்நுனி ஒரு பந்து மூட்டிற் பொருந்தும். கீழ்நுனி மரை வெட்டப்பெற்று, வெண்கலத்தாலாகிய டிரன்னியன் என்னும் உறுப்பினுள் திருகப்பட்டிருக்கும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் இம்மரையே சிறிது திருகிச் சுழல்கின்றது. கவைக்கைகளின் உள்நுனிகள் வண்டியின் சட்டத்தோடு சேருமிடத்தில், இரும்போடு இரும்பு உரசாதபடி ரப்பர் புஷ்கள் செருகப்பட்டுள்ளன. பின்பக்கத்திலோ, வண்டியின் குறுக்கே ஒரே வில்பட்டைக் கட்டு, நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியின்மேல் அமர்ந்து, இருபுறமும் சக்கரங்களைத் தாங்குகின்றது. இப்பின்பக்க அமைப்பை நம் நாட்டு வண்டிக்காரரும் மெக்கானிக்குகளும் அவ்வளவாக விரும்பவில்லை. ஆகவே 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் வண்டியில் அதனை நீக்கி, நேர் அச்சையே வைத்தனர்.

இனி எம் வரலாற்றுக்கு வருவோம். இருபதாண்டு நின்ற வண்டியில் ரப்பர் அனைத்தும் வெடித்திருந்தது. பின் வில்பட்டை தாழ்ந்திருந்தது. டிரன்னியன்கள் உறைந்த பிசுக்கோடு காணப்பட்டன. யாம் ஒரு வியாபாரியிடம் முன்பக்கத்துப் புஷ்கள், பந்து மூட்டுகள், டிரன்னியன்கள், பின் வில்பட்டைக் கட்டு ஆகிய யாவற்றையும் புதியனவாகத் தருவித்தோம். அழகிய பெட்டிகளில் அவை வந்தன. பழையனவற்றைக் கழற்றி ஒரு சாக்கில் எறிந்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. 'ஐயா, எல்லாம் புதிது. இனி அச்சமில்லை' என்று ஆசிரியரிடம் கூறினோம்.

முதல் வெள்ளோட்டம் அமிர்திச் சாலையில். ஆசிரியரே ஓட்டினார். முதற் சில நாள் குறையொன்றும் தோன்றவில்லை. அறுபது கிலோமீட்டர் அளவு ஓடியபின், சிறு பாலங்களில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் பிறந்தது. வண்டியின் பின்பக்கமோ தொடக்கமுதலே வாலுயர்த்திய சேவலைப்போல் எழும்பி நின்றது. ஒருநாள் மாலை எதிரே பேருந்து ஒன்று வர, ஆசிரியர் பிரேக்கை மெல்ல மிதித்தார். வண்டி தானாகவே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. வலப்பக்கம் இழுத்திருந்தால் இக்கட்டுரையை எழுத எம்மில் எத்தனைபேர் இருந்திருப்போம் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, 'தம்பிகளா, புதிது என்றீர்கள், சரி. சோதித்தீர்களா?' என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை.

அதன்பின் யாம் செய்த பிழை முன்னதினும் பெரிது. குற்றத்தைத் தேடப் புகுந்தோம்; ஆயின் புதிய உறுப்புகளை மாத்திரம் விட்டுவிட்டு ஏனைய எல்லாவற்றிலும் தேடினோம். டயரைச் சந்தேகித்தோம், பிரேக்கைக் கழற்றிப் பூட்டினோம், ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்தோம், ஷாக் அப்சார்பர்களைக் குறை கூறினோம். 'அது புதிது, அதில் ஒன்றுமிராது' என்ற ஒரே வாக்கியத்தால் பதினேழு நாள்கள் கழிந்தன. பதினெட்டாம் நாள் எம்முள் இளையவர் வண்டியடியிற் படுத்திருந்தபோது, கீழ்க் கவைக்கையின்மேல் கரும்பொடி படிந்திருப்பதைக் கண்டார். தொட்டுப் பார்க்க, அது ரப்பர்த் துகள். புதிய புஷ் அறுபது கிலோமீட்டரில் மென்ற வெற்றிலையைப்போல் கிழிந்திருந்தது. சாக்கிலிருந்து எடுத்துப் பார்த்த பழைய புஷ்ஷோ, இறுகியும் மேலே வெடித்தும் இருந்ததாயினும், ஐம்பதாண்டிற்குப் பின்னும் துண்டாகாமல் இருந்தது.

இவ்விடத்தில் எமக்கு உதவியது தோல் தொழில். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் சோதனை அறையில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் எம் நண்பர். மீதமிருந்த புதிய புஷ்களை அவரிடம் கொண்டுசென்றோம். காலணியின் அடிப்பாகத்து ரப்பர் எவ்வளவு கடினமானது என்று அறிய அங்கே ஷோர் என்பவர் பெயரால் வழங்கும் கருவி ஒன்று உண்டு. சிறிய ஊசியொன்றை ரப்பரில் அழுத்தினால், அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதைச் சுழியம் முதல் நூறு வரையுள்ள எண்ணாற் காட்டும். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் ஏறக்குறைய முப்பதைக் காட்டும். டயரின் மிதிபாகம் அறுபது எழுபதைக் காட்டும். பாரம் தாங்கும் புஷ்ஷும் டயரை ஒட்டியே இருத்தல் வேண்டும். எம் புஷ்களோ ஒரே பெட்டியில் வந்தனவாயினும் ஒன்று சொன்ன எண்ணை மற்றொன்று சொல்லவில்லை. ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினோம். உள்ளே இட்லியைப்போல் சிறு சிறு குமிழிகள் இருந்தன. நடுவேயிருந்த எஃகுக் குழலில் ரப்பர் ஒட்டவேயில்லை. விரலால் தள்ளியதும் தனியே கழன்று வந்தது.

அந்நண்பர் கூறியது எம் நெஞ்சிற் பதிந்தது. குரோமியத்தாற் பதனிட்ட தோலை வாங்குபவர் அதன் மினுமினுப்பைக் கண்டு மயங்குவதில்லை. ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் இடுவர். நன்கு பதப்பட்ட தோல் அளவு மாறாது நிற்கும். அரைகுறையாகப் பதப்பட்டது சுருண்டுவிடும். 'மாட்டுத்தோலைக் கொதிக்கவைத்துப் பார்க்காமல் நாங்கள் வாங்குவதில்லை. மனிதர் உயிரைத் தாங்கும் ரப்பரை நீங்கள் பெட்டியைப் பார்த்து வாங்கினீர்களே!' என்றார். தோல் வட்டாரத்திற் பிறந்து வளர்ந்தும் யாம் அதனை மறந்தது வியப்பே.

ரப்பரைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். மரத்துப் பாலை உறையவைத்த பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதனோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிபெறும் என்று கண்டார். இன்று தேய்மானம் தாங்குவதற்காகக் கரிப்புகையும் சேர்க்கின்றனர். கரியின் இடத்தில் மலிவான களிமண்ணையும் சுண்ணப் பொடியையும் மிகுதியாகச் சேர்த்தாலும், சூட்டின் அளவும் நேரமும் குறைந்தாலும், மேலுக்கு நிறம் ஒன்றே. உள்ளுக்குத் திறம் வேறு. ஆகவே கண் ஒன்றைக்கொண்டு ரப்பரின் தகுதியை அறிதல் இயலாது.

ஆயினும் வியாபாரியை மாத்திரம் குற்றம் கூறுவது நேர்மையாகாது. இத்தகைய புஷ்ஷின் நடுக்குழலை மறையாணி இறுகப் பிடித்துக்கொள்ளும். கவைக்கை அசையும்போது சுழல்வது குழலன்று, ரப்பரே முறுகிக்கொடுக்கின்றது. ஆதலால் வண்டியின் பாரம் முழுவதும் சக்கரங்களில் இறங்கி, அது இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் அம்மறையாணியை இறுதியாக இறுக்கவேண்டும். யாமோ வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுவதும் இறுக்கிவிட்டோம். வண்டியைக் கீழே இறக்கியவுடனே ரப்பர் ஒருபுறமாக முறுகி, நின்ற இடத்திலேயே துன்புறத் தொடங்கியது. பழைய வண்டிகளைப் புதுக்குவோர் பலர் செய்யும் பிழை இது.

ஆகவே எம்முன் ஒரு வினா எழுந்தது: புஷ் கிழிந்தது பொருளின் குற்றத்தாலா, எம் கையின் குற்றத்தாலா? இரண்டையும் பிரித்து அறியாவிட்டால் மீண்டும் அதே குழியில் விழுவோம். சென்னை புதுப்பேட்டைக் கடைத்தெருவில் தேடி வேறொரு தொகுதிப் புஷ்களை வாங்கினோம். பட்டறையில் ஒரு பட்டடைப் பிடியில் புஷ்ஷை இறுக்கி, நடுக்குழலோடு நீண்ட கம்பியொன்றைப் பொருத்தி, இருபுறமும் ஒரே அளவு முறுக்கி முறுக்கி விட்டோம். ஐவரும் மாறி மாறி ஆயிரம் தடவை எண்ணினோம். முதல் தொகுதிப் புஷ், முறையாக நடுநிலையில் வைத்துத் தொடங்கியபோதும் கிழிந்தது. இரண்டாம் தொகுதிப் புஷ் அவ்வாறு வைத்தபோது சேதமின்றி நின்றது; ஆனால் எம் பழைய பிழையைப்போல் முன்னரே ஒருபுறம் முறுக்கி வைத்துத் தொடங்கியபோது அதன் விளிம்பிலும் கீறல் கண்டது. குற்றம் இருவரிடமும் இருந்தது என்பது தெளிவாயிற்று. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணத்தை மாற்றும்போது மற்றதை மாற்றாதே என்று எமக்குக் கற்பித்த பாடத்தின் பொருளை அன்றுதான் முழுவதும் உணர்ந்தோம்.

புஷ்களை மாற்றுவதற்காக முன்பக்கத்தை மீண்டும் பிரித்தபோதுதான் பெரிய ஆபத்தைக் கண்டோம். புதிய டிரன்னியனுள் நிமிர்தண்டு தளர்ந்து ஆடியது. அதனினும் கொடிது மற்றொன்று. டிரன்னியன் ஒரு சிறிய எண்ணெய்க் கிண்ணம் போன்றது. மரை உலராதிருக்கக் கனமான கியர் எண்ணெயை அதனுள் செலுத்தவேண்டும். கிரீஸ் இடுவோரும் உளர். அது இறுகி, எண்ணெய் செல்லவேண்டிய இடங்களை அடைத்துவிடும். யாம் எண்ணெய் செலுத்திப் பார்த்தோம். மரையின் வழியே ஒரு துளியும் கசியவில்லை. மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க, துளை பாதிவழியில் நின்றுவிட்டது. துளையிட்டவன் முழுவதும் துளையாது விட்டிருந்தான். எண்ணெய் காணாத மரையில் நீர் தங்கித் துரு ஏறும். துரு ஏறிய நிமிர்தண்டு டிரன்னியனுக்குச் சற்று மேலே ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் அச்சக்கரம் வண்டியின் அடியில் மடங்கும். ஹெரால்டு வண்டிகளுக்கு இங்கிலாந்திலும் நெடுங்காலமாக அறியப்பட்ட கேடு இது. ஆசிரியரின் துணைவியார் அமர்ந்து ஆரணிக்குச் செல்லவிருந்த வண்டியில், 'எல்லாம் புதிது' என்று கூறி, இதனையே யாம் பூட்டியிருந்தோம். அன்றிரவு எம்மில் எவரும் சரியாக உறங்கவில்லை.

சாக்கில் எறிந்த பழைய டிரன்னியன்களைத் தேடி எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினோம். அவை புதியனவற்றைவிட மரையில் செறிந்து நின்றன, துளைகளும் திறந்திருந்தன. நிமிர்தண்டுகளைச் சாயச் சோதனைக்கு உட்படுத்தினோம். துப்புரவாக்கிய எஃகின்மேல் ஊடுருவும் செஞ்சாயத்தைத் தடவிச் சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, வெண்பொடியைப் பூசினால், கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பும் சிவந்த கோடாக வெளிப்படும். எமக்குக் கோடொன்றும் தோன்றவில்லை. பழையனவற்றையே மீண்டும் பூட்டினோம். வலப்பக்கத்து மரையும் இடப்பக்கத்து மரையும் எதிரெதிராகச் சுழல்வனவாதலால் அவற்றை மாற்றிப் பூட்டலாகாது. முழுவதும் திருகியபின், சக்கரம் இருபுறமும் கடைசிவரை திரும்புவதற்கு இடமிருக்குமாறு சிறிது பின்வாங்கி நிறுத்தவேண்டும்.

பின் வில்பட்டையிலும் குறை இருந்தது. பழையதையும் புதியதையும் தரையில் அடுத்தடுத்து வைத்தபோது புதியதன் வளைவு மிகுதி என்று தெரிந்தது. வாழ்நாளெல்லாம் தாழ்ந்துபோன பழைய பட்டையோடு ஒப்பிட்டால் சிறிது மிகுதி தோன்றுவது இயல்பே. ஆனால் வண்டியில் பூட்டிப் பாரம் இறங்கியபின்னும் பின்சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கி ஒடுங்கி நின்றமையால், ஒப்பீடு பொய்க்கவில்லை என்று கண்டோம். ஹெரால்டு போன்ற அமைப்பில் இது விளையாட்டன்று. வளைவில் விரைந்து திரும்பும்போது பின்பக்கம் எழும்பினால், வெளிப்புறச் சக்கரம் மேலும் உள்ளே மடங்கி வண்டியைப் புரட்டவும் கூடும். லாரிகளின் வில்பட்டைகளைத் தட்டிச் சரிசெய்யும் பட்டறை ஒன்றில், பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நெருப்பில் இடாமல் குளிர்நிலையிலேயே தட்டி வளைவைக் குறைத்தோம். நெருப்பில் இட்டால் எஃகின் பதம் கெடும்; பின்பு அதனை முறைப்படி மீண்டும் பதப்படுத்தாவிட்டால் வில் வில்லாயிராது.

இத்தகைய உறுப்புகள் ஏன் இவ்வாறு வருகின்றன என்று கேட்கலாம். வேண்டுவோர் சிலரே, ஆகவே செய்வோர் சிறு அளவிற் செய்கின்றனர். பழைய கம்பெனியின் வரைபடங்கள் அவர்களிடம் இருப்பது அரிது. ஆதலால் ஒரு பழைய உறுப்பை அளந்து அச்செடுக்கின்றனர். அப்பழைய உறுப்பு தேய்ந்ததாயின் அதன் தேய்மானமும் புதியதன் பிறவிக் குணமாகிவிடும். நகலைப் பார்த்து நகல் எடுத்தவனின் ஏட்டில் முன்னவன் பிழையோடு தன் பிழையும் சேர்வதுபோன்றது இது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த நம் புலவர்கள் பல பிரதிகளை ஒப்புநோக்கியதன் காரணமும் இதுவே அன்றோ?

எம் அனுபவத்தாற் கற்ற நெறிகளைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலாவது: புதியது பூட்டப்பட்டு, ஓடி, நன்றென்று மெய்ப்பிக்கப்படும் வரை பழையதை எறியாதீர்கள். பழையது அளவுகோல், சமயத்தில் அதுவே மாற்றும் ஆகும்.

இரண்டாவது: ஒவ்வொரு உறுப்பையும் பூட்டுமுன் பழையதன் தேயாத பகுதியோடு அளந்து பாருங்கள். புஷ்ஷின் நடுக்குழல் அது பொருந்தும் ரப்பரைவிடச் சிறிது நீண்டிருத்தல் வேண்டும். குறைந்திருந்தால் மறையாணி குழலைப் பிடியாமல் ரப்பரையே நசுக்கும்.

மூன்றாவது: ஒரு தொகுதியில் ஒன்று மிகுதியாக வாங்கி, அதனை வெட்டிப் பாருங்கள். பட்டடைப் பிடியில் நசுக்கிவிட்டால் அது தன் வடிவத்திற்கு மீளவேண்டும். புஷ்ஷைச் செருகும்போது யந்திர எண்ணெய் தடவாதீர்கள். அது ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். சோப்பு நீரே போதும்.

நான்காவது: பந்து மூட்டைக் கையாலசைத்துப் பாருங்கள், ஆட்டமும் கூடாது, சிக்கலும் கூடாது. அதன் ரப்பர் உறையை விரலால் இழுத்துப் பாருங்கள். இப்போதே கீறல் தோன்றினால் ஒரு மழைக்காலத்தையும் அது தாங்காது.

ஐந்தாவது: எண்ணெய் செல்லவேண்டிய துளையில் எண்ணெயைச் செலுத்தி, மறுமுனையில் வருவதைக் கண்ணாற் கண்டபின்னரே பூட்டுங்கள்.

ஆறாவது: மறையாணிகளில் கவனம் வேண்டும். ஹெரால்டின் ஆணிகள் அங்குலக் கணக்கின. மில்லிமீட்டர்க் கணக்கு ஆணிகள் அவற்றிற்கு மிக அருகில் வருவதால் கடைக்காரர் 'இதுவே போதும்' என்பர். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்குள்ள ஆணியும் எட்டு மில்லிமீட்டர் ஆணியும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. மரையின் இடைவெளியோ வேறு. வலிந்து திருகினால் இரண்டு மரையும் அழியும்.

ஏழாவது: ஒரு சமயத்தில் ஓர் உறுப்பையே மாற்றுங்கள், மாற்றிய நாளையும், ஓடிய தூரத்தையும், கண்ட குறையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றியவன் எதனைக் குறைகூறுவது என்று அறியான்.

எட்டாவது: குறை தோன்றினால், கடைசியாக எதைத் தொட்டோமோ அதை முதலிற் சந்தேகியுங்கள்.

வியாபாரியிடம் யாம் சென்ற கதையையும் கூறிவிடுகிறோம். 'வேறு எவரும் குறை கூறவில்லையே' என்றார் அவர். வெட்டிய புஷ்ஷையும், கடினத்தின் எண்களை எழுதிய தாளையும், அடைபட்ட டிரன்னியனையும் அவர் மேசையில் வைத்தோம். சினந்து பேசவில்லை. அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பின்பு பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, மீதமிருந்த டிரன்னியன்களைத் தாமே கம்பி விட்டுப் பார்த்து, மூன்றை ஒதுக்கி வைத்தார். அவரும் பெட்டியை நம்பியவரே. இவ்வாறு இணங்காத இடத்தில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்திடம் முறையிட வழியுண்டு. ஆங்கும் சான்றே பேசும். ரசீதையும், குறையுள்ள பொருளையும், குறிப்பேட்டையும் காத்து வைத்தவனுக்கே அவ்வழி பயன்படும். குறையைக் கூறாது புதிதொன்று வாங்கிக்கொண்டு போகிறவன், அடுத்து வருபவனுக்கு அதே ஆபத்தை விட்டுச் செல்கின்றான் என்பதை மறத்தலாகாது.

வண்டியை மீண்டும் கூட்டி, பாரம் இறங்கிய நிலையில் ஆணிகளை இறுக்கி, முந்நூறு கிலோமீட்டர் யாமே ஓட்டினோம். நூறு கிலோமீட்டருக்கொருமுறை அடியிற் படுத்து ஒவ்வொரு மூட்டையும் விளக்கு வைத்துப் பார்த்தோம். கரும்பொடி காணவில்லை, சத்தமும் இல்லை, கையை எடுத்தால் வண்டி நேரே சென்றது. அதன் பின்னரே ஆசிரியரிடம் சாவியைக் கொடுத்தோம். இம்முறை 'எல்லாம் புதிது' என்று யாம் கூறவில்லை. எவை புதியன, எவை பழையன, ஒவ்வொன்றும் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைக் குறிப்பேட்டோடு அவரிடம் ஒப்படைத்தோம். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு, பள்ளியில் எம் கணக்குகளைத் திருத்தியவாறே ஒவ்வொரு வரியாகப் படித்து, இறுதியில் 'சரி' என்று மாத்திரம் சொன்னார். மறுநாட் காலை துணைவியாரோடு கண்ணமங்கலம் வழியாக ஆரணி சென்று, மாலையில் நலமே மீண்டார்.

நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணவர் பலர் பொருளைச் செய்வோராகவும், விற்போராகவும், வாங்குவோராகவும் ஆவர். எந்நிலையில் இருப்பினும், ஒருவர் தம் உயிரை நம்பி ஏறும் பொருளை அவர் கையில் கொடுக்குமுன், அம்முதிய ஆசிரியர் கேட்ட வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக. 'புதிது' என்பது அதற்கு விடையன்று. 'சோதித்தேன்' என்பதே விடை.